மாமனாரின் பால் கணக்கும் 791 டாலரும்

எங்கள் வீட்டு மேஜை இழுப்பறையில் ஒரு காகிதக் கட்டு ஒரு வருஷமாகக் கிடக்கிறது. ஒரு பக்கம் நான்காம் வகுப்புப் பின்னக் கணக்குகள், அச்சில். மறுபக்கம் என் மாமனாரின் சாய்ந்த கையெழுத்தில் பால் கணக்கு. ‘டிச. 14 – 1½ லி. டிச. 15 – 1½ லி. டிச. 16 – 2 லி., விருந்தாள்.’ பாளையங்கோட்டை வீட்டில் எந்தத் தாளுக்காவது ஒரு பக்கம் காலியாக இருந்தால் அது அவருக்குச் சொந்தம். பையனின் பையிலிருந்து எட்டிப் பார்த்த கட்டைப் பார்த்தார், பின்பக்கம் வெள்ளையாக இருந்தது, எடுத்துக்கொண்டார். அவர் மேல் தப்பே இல்லை. அது என்ன தாள் என்று நான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்கு எனக்கே அப்போது சரியாகத் தெரியாது.

நாங்கள் இருப்பது சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவின் கிழக்குப் பக்கம் ஓர் ஊர். பையன் படிப்பது அரசுப் பள்ளி. 2024 டிசம்பர் 10 கிளம்பி, ஜனவரி 11 திரும்பினோம். பள்ளி விடுமுறை என்னவோ இரண்டு வாரம்தான். ஆனால் டிசம்பர் பாதியைத் தாண்டினால் டிக்கெட் விலை எங்கே போய் நிற்கும் என்று இங்கே இருக்கிற எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் சொல்ல வேண்டியதில்லை. முன்னால் கிளம்பிப் பின்னால் திரும்பியதில் எங்களுக்கு ஆளுக்கு 400 டாலர், மூன்று பேருக்கு 1,200 டாலர் மிச்சம். பையனுக்குப் போனது 14 பள்ளி நாள். நாலாம் கிளாஸ்தானே, என்ன குடிமுழுகிப் போகிறது என்று நாங்கள் இரண்டு பேருமே நினைத்தோம். இப்போதும் அவன் படிப்பு விஷயத்தில் அப்படித்தான் நினைக்கிறேன். பாட்டியோடு ஒரு மாதம் இருந்ததில் அவன் பேச்சில் வந்த மாற்றம் எந்தப் பாடப் புத்தகத்திலும் வராது. என்னை உறுத்துவது வேறு.

கிளம்புவதற்கு முன்னால் பள்ளி ஆபீசுக்குப் போனேன். அங்கே வருகைப் பதிவைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவை வீட்டில் ‘கண்ணாடி ஆன்ட்டி’ என்போம், எப்போதும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். அவர்தான் ‘இன்டிபெண்டன்ட் ஸ்டடி’ பாரத்தை எடுத்துக் கொடுத்தார். ஊருக்குப் போகிற பிள்ளை அங்கிருந்தே பாடம் செய்வதாக ஓர் ஒப்பந்தம். அம்மா கையெழுத்து, பிள்ளை கையெழுத்து, ஆசிரியர் கையெழுத்து, மூன்றும் வேண்டும். செய்து முடித்த தாள்களைத் திரும்பக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். பையன் அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்த சுழித்த எழுத்தில் பெருமையாகக் கையெழுத்துப் போட்டான். ‘பேப்பரை மட்டும் மறந்துடாதீங்க, அது இல்லாட்டி எங்களுக்குத்தான் நஷ்டம்’ என்று அவர் சொன்னார். இங்கே ஆபீசில் பேசுகிறவர்கள் இந்த மாதிரி இதமாக ஏதாவது சொல்லுவார்கள், அப்படி ஒன்று என்று எடுத்துக்கொண்டேன். அவர் சொன்னது சொல்லுக்குச் சொல் உண்மை.

திரும்பி வந்ததும் கட்டைத் தேடினேன். இருந்தது, பின்பக்கம் முழுக்கப் பாலும் தயிரும். முன்பக்கம் முதல் மூன்று கணக்குகள் மட்டும் செய்திருந்தான். கண்ணாடி ஆன்ட்டி இரண்டு முறை போன் செய்து குரல் செய்தி விட்டார். நான் திரும்பக் கூப்பிடவில்லை. வெட்கம் பாதி, ஜெட் லேக் பாதி. பிப்ரவரியில் தபாலில் ஒரு கடிதம் வந்தது, உங்கள் பிள்ளை ‘ட்ரூயன்ட்’, அதாவது பள்ளிக்கு மட்டம் போடுகிறவன் என்று. காரணமில்லாமல் மூன்று நாள் வராவிட்டாலே கலிபோர்னியாவில் சட்டப்படி அந்தப் பெயர். என் வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார். கடிதத்தை ஃபிரிட்ஜில் காந்தம் போட்டு ஒட்டினோம். மறந்துவிட்டோம்.

ஒரு நாளின் விலை

மார்ச்சில் எங்கள் டிஸ்ட்ரிக்டில், அதாவது ஊர்ப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பின் பட்ஜெட்டில், துண்டு விழுகிறது என்று பேச்சு கிளம்பியது. நூலகத்தில் இருப்பவரை எடுக்கப் போகிறார்கள், பாட்டு வகுப்பைக் குறைக்கப் போகிறார்கள் என்று பெற்றோர் வாட்சப் குழுவில் ஒரே கொதிப்பு. மார்ச் 15 என்பது இங்கே ஆசிரியர்களுக்கு நாள் குறித்த மாதிரி, அடுத்த வருஷம் உங்களுக்கு வேலை இல்லாமல் போகலாம் என்ற நோட்டீசை அதற்குள் கொடுத்தாக வேண்டும். நான் நூலகத்துக்காகப் பேசப் போகிறேன் என்று குழுவில் முந்திக்கொண்டு எழுதிவிட்டேன். சரி, பேசுவதானால் கணக்குத் தெரிய வேண்டுமே என்று இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

கலிபோர்னியாவில் மாநிலம் பள்ளிக்குப் பணம் கொடுப்பது எத்தனை பிள்ளைகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்து இல்லை. தினமும் எத்தனை பேர் வந்து உட்கார்ந்தார்கள் என்று பார்த்து. சராசரி தினசரி வருகை, இங்கே எல்லோர் வாயிலும் ஏடிஏ. 2013இல் வந்த, மாநிலப் பணத்தைப் பள்ளிகளுக்குப் பிரிக்கும் எல்சிஎஃப்எஃப் சூத்திரத்தின்படி, 2024-25இல் நான்கு முதல் ஆறு வரையிலான வகுப்புகளுக்கு ஒரு பிள்ளைக்கு அடிப்படைத் தொகை 10,177 டாலர். ஏழைக் குடும்பத்துப் பிள்ளை, ஆங்கிலம் புதிதாகக் கற்கும் பிள்ளை, வளர்ப்புப் பராமரிப்பில் இருக்கும் பிள்ளை என்றால் அதற்கு மேல் 20 சதவீதம். பள்ளி நாள் 180. வகுத்துப் பார்த்தேன், ஒரு நாளுக்கு 56 டாலர் 54 சென்ட். பதினான்கால் பெருக்கினேன், 791 டாலர் சொச்சம். செய்த தாள்கள் திரும்பியிருந்தால் அந்தப் பதினான்கு நாளும் வந்த நாளாகவே கணக்கில் ஏறியிருக்கும்.

நாங்கள் டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது 1,200. அதில் மூன்றில் இரண்டு பங்கைப் பள்ளி தன் பையிலிருந்து கொடுத்திருக்கிறது. யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் யாரிடமும் கேட்கவில்லை.

காய்ச்சல் என்று வீட்டில் வைத்திருந்தாலும் இதே கணக்குத்தான். முன்பு காரணம் சொல்லி எடுக்கிற லீவுக்குப் பணம் வந்துகொண்டிருந்தது, 1998-99இலிருந்து அதையும் நிறுத்திவிட்டார்கள். ஆக, ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கும் அதன் பள்ளிக்கும் ஒரே நாளில் கஷ்டம். கோவிட் முடிந்த கையோடு, 2021-22இல், கலிபோர்னியாவில் நூற்றில் முப்பது பிள்ளைகள் பத்தில் ஒரு நாளாவது பள்ளிக்கு வராதவர்கள். அதற்கு முன் அது 12 சதவீதம். 2023-24இல் 20க்கு வந்திருக்கிறது, பழைய இடத்துக்கு இறங்கவில்லை. ஊருக்குப் போய் டிக்கெட்டில் மிச்சம் பிடிக்கிற எங்களைப் போன்றவர்கள் இந்தக் கூட்டத்தில் ஒரு ஓரம்தான். பெரும்பகுதி பஸ் தவறியவர்கள், தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றவர்கள், இருமல் நிற்காதவர்கள். எங்கே வறுமை அதிகமோ அங்கே வருகை குறைவு, எங்கே வருகை குறைவோ அங்கே பணம் குறைவு.

இதில் இன்னொரு வேடிக்கை. ஆண்டின் முக்கியமான வருகைக் கணக்கு ஏப்ரல் நடுவோடு முடிகிறது. நாங்கள் மே மாதம் போயிருந்தால் பையன் அதே பதினான்கு நாளை இழந்திருப்பான், பள்ளிக்கு அநேகமாக ஒன்றும் குறைந்திருக்காது. அப்புறம் இன்னொன்று. 2022-23இலிருந்து ஒரு தளர்வு கொடுத்திருக்கிறார்கள். இந்த வருஷ வருகை, போன வருஷ வருகை, முந்தைய மூன்று வருஷங்களின் சராசரி, இந்த மூன்றில் எது அதிகமோ அதற்குப் பணம். பிள்ளைகள் குறைந்துகொண்டே வரும் எங்கள் டிஸ்ட்ரிக்ட் மாதிரி இடங்களில் அந்தச் சராசரிதான் கைகொடுக்கும். அப்படியென்றால் என் 791 டாலர் அந்த வருஷமே போகவில்லை. அடுத்த மூன்று வருஷத்துக்குத் தவணை முறையில், வருஷத்துக்கு 264 டாலர் வீதம் போகும். நான் வாங்கிய கடனுக்குப் பள்ளி இஎம்ஐ கட்டுகிறது.

வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் பாலோ ஆல்டோ இருக்கிறது. அங்கே வீட்டு வரியாக வருவதே மாநிலச் சூத்திரம் சொல்லும் தொகையைத் தாண்டிவிடுவதால் டிஸ்ட்ரிக்ட் அதை வைத்தே ஓடுகிறது. அங்கே ஒரு பிள்ளை ஆறு வாரம் மும்பையில் இருந்துவிட்டு வந்தாலும் வரவில் ஒரு சென்ட் குறையாது. அதே மாநிலம், அதே சட்டம், அதே ‘ட்ரூயன்ட்’ கடிதம்கூட வரலாம். விலை மட்டும் கிடையாது. இதைப் படித்த ராத்திரி எனக்குக் கோபம் வந்தது என்று எழுத ஆசை. உண்மையில் முதலில் வந்தது நிம்மதி. அப்பாடா, தப்பு என்னுடையது மட்டுமில்லை, ஏற்பாடே கோணல் என்று.

இரண்டு நிமிடம்

டிஸ்ட்ரிக்டை நிர்வகிக்கும் பள்ளி போர்டின் கூட்டம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். முன்வரிசையில் மஞ்சள் சட்டை போட்ட பிள்ளைகள் கையில் அட்டைகளோடு. பேச விரும்புகிறவர்கள் ஒரு சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும், ஆளுக்கு இரண்டு நிமிடம், நாம் பேசினால் போர்டு உறுப்பினர்கள் பதில் சொல்ல மாட்டார்கள். இது முதல் தடவை போகிறவர்களுக்குப் பெரிய அதிர்ச்சி. நாம் கத்தலாம், அழலாம், அவர்கள் தலையை ஆட்டி நன்றி சொல்லி அடுத்த பெயரைக் கூப்பிடுவார்கள்.

நிதி அதிகாரி முதலில் ஸ்லைடு காட்டினார். சொன்ன காரணங்களில் பொய் எதுவும் இல்லை. பிள்ளைகள் குறைகிறார்கள், எங்கள் ஊரில் மட்டுமில்லை. கலிபோர்னியா அரசுப் பள்ளிகளில் 2019-20இல் சுமார் 61.6 லட்சம் பேர் இருந்தார்கள், 2023-24இல் 58.4 லட்சம். இந்த வீட்டு விலையில் இளம் குடும்பம் எப்படி இங்கே வந்து குடியேறும்? கோவிட் காலத்தில் வாஷிங்டன் மூன்று தவணையாகக் கொடுத்த பணம், நாடு முழுக்கச் சேர்த்து சுமார் 190 பில்லியன் டாலர், அதன் கடைசிக் கெடு 2024 செப்டம்பரோடு முடிந்தது. ஒருமுறை வரும் பணத்தில் நிரந்தர வேலைக்கு ஆள் எடுத்தார்கள் என்பதை அவர் அவ்வளவு பச்சையாகச் சொல்லவில்லை. தீபாவளி போனஸை நம்பி வீட்டுக் கடன் வாங்கின மாதிரி என்று பக்கத்தில் இருந்த தெலுங்குக்காரர் முணுமுணுத்தார். மூன்றாவது காரணமாக, ஒரு வரியில், வருகைக் குறைவு. திரையில் அந்த வரி வந்தபோது நான் ஏனோ கைப்பையைத் திறந்து எதையோ தேடினேன்.

என் பெயர் வர இன்னும் நேரம் இருந்தது. நிகழ்ச்சி நிரலின் இணைப்புகளை போனில் தள்ளிக்கொண்டே இருந்தேன். நூற்றுச் சொச்சம் பக்கம். கடைசியில் வேலைக் குறைப்புத் தீர்மானம், பெயர்கள் கிடையாது, பதவியும் அளவும் மட்டும். நூலகப் பணியாளர், இத்தனை. தோட்டவேலை, இத்தனை. அதற்குக் கீழே வருகைப் பதிவு எழுத்தர், தொடக்கப் பள்ளிகள், எட்டு மணி நேரத்திலிருந்து நான்கு.

அதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தேன். அந்தக் கட்டடத்தில் யாராவது ஒருவர் மாநிலத்திடமிருந்து வர வேண்டிய காசைக் குனிந்து பொறுக்குகிறார் என்றால் அது அவர்தான். பாரத்தை எடுத்துக் கொடுப்பவர், மூன்று கையெழுத்தும் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பவர், தாள் வரவில்லை என்று இரண்டு முறை போன் செய்பவர். கையெழுத்து ஒன்று குறைந்தாலோ, செய்த வேலைக்கு ஆதாரத் தாள் இல்லாவிட்டாலோ தணிக்கையில் அந்த நாட்கள் தள்ளுபடியாகும், கொடுத்த பணத்தை மாநிலம் திருப்பிக் கேட்கும். நான்கு மணி நேரச் சம்பளத்தை மிச்சம் பிடிக்க, அந்த நான்கு மணி நேரத்தில் அவர் பிடித்துக் கொண்டுவரும் பணத்தை விடுகிறார்கள். ஒரு நாளைக்கு இரண்டு பிள்ளைகளின் தாளை அவர் மீட்டாலே நூறு டாலருக்கு மேல். வாளியின் ஓட்டையை அடைப்பவரைச் செலவு என்று எழுதி அனுப்புகிறார்கள்.

கேள்வி தயாராகிவிட்டது. மாநிலப் பணம் போகிறது என்கிறீர்களே, அதைப் பிடித்து வைக்கிற ஒரே ஆளையும் பாதியாக்கினால் போகிற பணத்துக்கு யார் பொறுப்பு? நல்ல கேள்வி. ஆனால் அதைக் கேட்பதற்கு முன்னால், எனக்கு இது எப்படித் தெரியும் என்று சொல்ல வேண்டும். பதினான்கு நாள், பால் கணக்கு, திரும்பக் கூப்பிடாத இரண்டு போன்கள். மஞ்சள் சட்டைப் பிள்ளைகள் முன்னால், வாட்சப் குழு அம்மாக்கள் முன்னால்.

பெயர் கூப்பிட்டார்கள். போனேன். எழுதி வைத்திருந்த நூலகப் பேச்சை அப்படியே படித்தேன். என் பையன் ஆங்கிலம் படிக்கப் பழகியது அந்த மூலையில் கிடந்த பஞ்சுத் திண்டில்தான் என்று சொன்னபோது குரல் கொஞ்சம் தழுதழுத்தது, அது நடிப்பில்லை. இந்தத் துண்டுக்கு யார் பொறுப்பு என்று முடித்தேன். கைதட்டினார்கள். போர்டு தலைவர் நன்றி சொன்னார். கண்ணாடி ஆன்ட்டி பற்றி நானும் பேசவில்லை, வேறு யாரும் பேசவில்லை. தீர்மானம் நிறைவேறியது. நூலகத்துக்கு மட்டும் கடைசி நேரத்தில் எங்கிருந்தோ ஒரு வருஷத்துக்குப் பணம் கண்டுபிடித்தார்கள், கைதட்டலுக்கு அவ்வளவு சக்தி உண்டு.

பொறுப்பு எங்கே நிற்கிறது

அன்றிலிருந்து ‘யார் பொறுப்பு’ என்று யார் கேட்டாலும் எனக்குக் காது கூசுகிறது. ஆனாலும் கேள்வி பொய்யில்லையே. எங்கள் பக்கத்து ஊர்களிலேயே அதற்குப் பதில் தேடின கதைகள் உண்டு. 1991இல் ரிச்மண்ட் யூனிஃபைடு டிஸ்ட்ரிக்ட் கையில் காசில்லாமல் மே 1ஆம் தேதியோடு பள்ளிகளை மூடப் போவதாக அறிவித்தது, பள்ளியாண்டு முடிய இன்னும் ஆறு வாரம் இருந்தது. முப்பதாயிரத்துக்கும் மேல் பிள்ளைகள். பெற்றோர் வழக்குப் போட்டார்கள், டிஸ்ட்ரிக்ட் மேல் மட்டுமில்லை, மாநிலத்தின் மேலும். உள்ளூர் போர்டு ஊதாரித்தனம் செய்தது, அதற்கு நாங்கள் என்ன செய்வது என்பது மாநிலத்தின் வாதம். 1992 கடைசியில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், பிள்ளைகளுக்குச் சமமான கல்வி கிடைப்பதற்குக் கடைசிப் பொறுப்பு மாநிலத்தினுடையதுதான், போர்டு செய்த தப்புக்குப் பிள்ளையின் ஆறு வாரத்தைப் பறிக்க முடியாது என்றது. பள்ளிகள் 1991இலேயே கீழ் நீதிமன்ற உத்தரவால் மூடாமல் ஓடின. ஆனால் அந்த ரட்சிப்பு கடனாகத்தான் வந்தது, அந்த டிஸ்ட்ரிக்ட் அதைக் கட்டி முடிக்க 2012 ஆனது. செலவு செய்த போர்டு எப்போதோ போய்விட்டது. வட்டி கட்டியது, அப்போது பிறந்திருக்காத பிள்ளைகளின் வகுப்பறை.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் ஏபி 1200 என்ற சட்டம் வந்தது. வருஷத்துக்கு இரண்டு முறை ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டும் இந்த வருஷமும் அடுத்த இரண்டு வருஷமும் தாக்குப்பிடிப்பேனா என்று தனக்குத்தானே பாசிட்டிவ் (தாங்கும்), குவாலிஃபைடு (சந்தேகம்), நெகட்டிவ் (தாங்காது) என்று ஒரு முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். மோசமானால் வந்து பார்க்க ‘ஃபிக்மாட்’ என்று ஒரு குழு. இவ்வளவு காவல் இருந்தும் 2003இல் ஓக்லாந்து டிஸ்ட்ரிக்ட் விழுந்தது. 100 மில்லியன் டாலர் கடன், போர்டின் அதிகாரம் பறிக்கப்பட்டு மாநிலம் அனுப்பின நிர்வாகி வந்து உட்கார்ந்தார். அதிகாரம் போர்டிடம் திரும்ப 2009 ஆனது, கடைசித் தவணையைக் கட்டியது 2025இல். மாநிலத்தின் ஆள் உட்கார்ந்திருந்த காலத்திலும் பள்ளிகள் மூடத்தான் செய்தன.

இதற்கெல்லாம் அடியில் 1978இன் 13ஆவது முன்மொழிவு இருக்கிறது. வீட்டு வரியை வீடு வாங்கிய விலையில் ஒரு சதவீதத்தில் கட்டி, மதிப்பு வருஷத்துக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்று மக்களே ஓட்டுப் போட்டது. அதனால் உள்ளூர்ப் பள்ளிக்கு மாநிலம்தான் படியளக்க வேண்டியதாகிவிட்டது. எங்கள் தெருவில் நாற்பது வருஷமாக இருக்கும் ஒரு தாத்தா கட்டும் வரி நாங்கள் கட்டுவதில் எட்டில் ஒரு பங்கு. நல்ல மனிதர், எலுமிச்சம்பழம் கொண்டுவந்து தருவார். அவரும் பொறுப்பா? சூத்திரத்தை வருகையிலிருந்து சேர்க்கைக்கு நகர்த்தப் பார்த்த ஒரு மசோதா 2022இல் சட்டமன்றத்துக்கு வந்தது, சட்டமாகவில்லை. எதிர்த்தவர்கள் சொன்ன வாதத்தை நான் முழுக்கத் தள்ள மாட்டேன். வந்தாலும் வராவிட்டாலும் பணம் என்றால், வராத பிள்ளையைத் தேடி இரண்டு முறை போன் போடுவதற்கு ஆள் இருக்குமா? ஆனால் வந்தால்தான் பணம் என்ற இந்த ஏற்பாட்டிலும் அந்த ஆளைத்தானே முதலில் வெட்டினார்கள்.

இதையெல்லாம் மார்ச் கடைசியில் போனில் என் நாத்தனாரிடம் கொட்டினேன். அவள் நெல்லைப் பக்கம் ஒரு வட்டார வள மையத்தில் வேலை பார்க்கிறாள், சம்பளம் வருவது, ஒன்றிய அரசும் மாநிலமும் சேர்ந்து பணம் போடும் சமக்ர சிக்ஷா பள்ளிக் கல்வித் திட்டத்தில். ஒன்றிய அரசின் பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25க்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்த கதை அங்கே எல்லோருக்கும் தெரியும். முந்தின செப்டம்பரில் அவளுக்குச் சம்பளம் தள்ளிப்போய், நகைக் கடைக்குச் சீட்டுக் கட்டாமல் விட்டிருந்தாள். ‘அங்க பிள்ளை வராட்டி பணம் நிக்குது, இங்க கையெழுத்து விழாட்டி பணம் நிக்குது, அவ்வளவுதான் மதினி’ என்றாள். நான் இல்லை என்றேன். உங்களுக்குச் சண்டை போட ஆள் தெரிகிறது, இந்தப் பக்கம் சென்னை, அந்தப் பக்கம் டெல்லி, இங்கே திரும்பின பக்கமெல்லாம் சூத்திரம்தான் நிற்கிறது என்றேன். (மே மாதம் தமிழ்நாடு வட்டியோடு 2,291 கோடி கேட்டு உச்ச நீதிமன்றத்துக்கே போனது.) அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘சூத்திரமா மதினி அந்த அம்மாவுக்குத் திரும்பப் போன் பண்ணல?’ என்றாள். கிண்டலாகத்தான் சொன்னாள். எங்கள் வீட்டில் கிண்டல் எல்லாம் இப்படித்தான் வந்து விழும்.

சரி, காசையாவது கட்டிவிடுவோம் என்று பெற்றோர் சங்கத்துக்கு 791 டாலருக்குச் செக் எழுதினேன். பொருளாளர் ரொம்ப சந்தோஷப்பட்டு, ஏன் இந்த விநோத எண் என்று கேட்டார், மொய் எழுதுகிற வழக்கம், ஒற்றைப்படையில் முடியணும் என்று சமாளித்தேன். அந்தக் காசு மைதானத்துக்கு நிழற்பந்தல் போடும் நிதிக்குப் போனது. சங்கத்துப் பணம் ஒரு பெட்டி, டிஸ்ட்ரிக்ட் சம்பளம் இன்னொரு பெட்டி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தானாகப் போகாது. எனக்கு மனசு லேசானது என்று சொல்ல முடியாது. நிழற்பந்தல் நன்றாக இருக்கிறது.

இந்த நவம்பரில் மாமனாருக்குச் சதாபிஷேகம். தாங்க்ஸ்கிவிங் வார விடுமுறையோடு சேர்த்துப் போனாலும் முந்தின வாரத்தில் ஐந்து பள்ளி நாள் போகிறது. இந்த முறை பாரத்தை முன்கூட்டியே வாங்கி, நான் கையெழுத்துப் போட்டு, பையன் போட்டு (சுழி இப்போது குறைந்துவிட்டது), ஆசிரியரைத் தேடிப் பிடித்துப் போடவைத்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆபீசுக்குக் கொண்டுபோனேன். கண்ணாடிக்குப் பின்னால் யாரும் இல்லை. கண்ணாடி ஆன்ட்டி இப்போது எட்டு மணி நேர வேலையைக் காப்பாற்றிக்கொள்ள இன்னொரு பள்ளியையும் சேர்த்துப் பார்க்கிறாராம், இங்கே திங்கள், புதன், வெள்ளி காலை மட்டும். கண்ணாடியில் அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது, பாரங்களை இங்கே வைக்கவும் என்று அம்புக்குறி போட்டு. கீழே ஒரு தட்டு, அதில் ஏழெட்டுப் பாரங்கள் ஏற்கெனவே கிடந்தன. என்னுடையதை வைக்கும்போது பார்த்தேன், மேலே இருந்ததில் ஆசிரியர் கையெழுத்து இல்லை.